லூமிர் வாவ்ராவின் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி

லூமிர் வாவ்ராவுக்கு அறுபத்து நான்கு வயது. எங்கள் ஊரான ப்ளாட்ஃபோர்டின் கூட்டுறவு தானியக் கிடங்கு எடைமேடையில் முப்பத்தாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். சோளம் ஏற்றிய லாரி மேடையில் ஏறி நிற்கும். அவர் கண்ணாடி அறைக்குள்ளிருந்து எடையைப் பார்த்து, சீட்டைக் கிழித்து, ஜன்னல் வழியே நீட்டுவார். "காத்து பலமா அடிக்குது" என்பார். "ஆமா" என்பார் லாரிக்காரர். அறுவடைக் காலத்தில் ஒரு நாளைக்கு இருநூறு லாரிகள் வரும். இருநூறு தடவை காற்றைப் பற்றிப் பேசிவிட்டு அவர் வீட்டுக்குப் போவார். அங்கே காற்றைப் பற்றிக் கேட்கவும் ஆள் கிடையாது.

அவருடைய வீடு எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கிறது. அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஒமாஹாவில் ஒரு தம்பி இருக்கிறார், கிறிஸ்துமஸுக்குப் போன் செய்வார். சமையலறை மேசையைச் சுற்றி நான்கு நாற்காலிகள் உண்டு. மூன்றின் மேல் பழைய செய்தித்தாள்களும் விதைக் கம்பெனி புத்தகங்களும் அடுக்கியிருக்கும். நான்காவதில் அவர் உட்காருவார்.

சனிக்கிழமை மட்டும் அவர் வேறு மனிதர். எங்கள் ஊரில் ஒரே ஒரு கல்லூரி, அதன் ஃபுட்பால் அணிக்குக் கொக்குகள் என்று பெயர். முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடி, எறிந்து, மோதி விழுகிற ஃபுட்பால். ஊரே பந்தைப் பார்க்கும். லூமிர் பந்தைப் பார்க்க மாட்டார். பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் சுவர் மாதிரி ஐந்து தடியர்கள் நிற்பார்கள் அல்லவா, அந்த முன்வரிசையைத்தான் பார்ப்பார். யார் கால் பின்னால் போகிறது, யார் தோள் சரிகிறது, எந்த இடத்தில் சுவர் உடையப்போகிறது என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். ஆனால் சொல்வதற்குப் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். இருபது வருடமாக ஒரே இருக்கை, மேல் வரிசையின் ஓரத்தில்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்குக் கூட்டுறவு பெட்ரோல் பங்கின் கடைக்குள் காபி இயந்திரத்துக்குப் பக்கத்து வட்ட மேசையில் ஆட்டத்தைப் பிரித்துப் போட்டு அலசுவார்கள். அந்த மேசைக்குத் தலைவர் டாரல் ஓஸ்டிக், சோள விதை விற்பவர். எண்பத்தொன்றாம் வருடம் ஒரே ஒரு சீசன் கொக்குகளுக்கு ஆடி முழங்காலை உடைத்துக்கொண்டவர். அந்த ஒரு சீசனைப் பற்றி நாற்பது வருடங்களுக்கு மேல் பேசிவிட்டார், இன்னும் தீரவில்லை. பள்ளி பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற வெண்டல் அவருக்கு ஆமாம் போடுவார். கல்லாவில் ஜெனெல் நிற்பார், அவர் யாருக்கும் ஆமாம் போட மாட்டார். லூமிரும் அங்கே போவார். ஒரு மணி நேரத்தில் இரண்டு வாக்கியம் பேசுவார், அதில் ஒன்றை டாரல் நடுவிலேயே வெட்டிவிடுவார்.

கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூரிலிருந்து ஆட வந்த பையன்களுக்கு ஊரில் ஆளுக்கொரு வீடு ஒதுக்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த வீட்டில் சாப்பாடு. தத்து வீடு என்போம். பிள்ளைகள் இருக்கிற குடும்பங்கள்தான் பெயர் கொடுக்கும். மூன்று வருடத்துக்கு முன்னால் ஆகஸ்டில் பெயர் எழுதுகிற அந்தத் தாள் ஜெனெலின் கல்லாவில் கிடந்தபோது, லூமிர் கழிப்பறைக்குப் போன நேரம் பார்த்து டாரல் அவர் பெயரை எழுதிவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். இரண்டு நாள் கழித்துக் கல்லூரியிலிருந்து ஒரு அம்மாள் போன் செய்து, "மிஸ்டர் வாவ்ரா, எவ்வளவு பெரிய மனசு உங்களுக்கு!" என்றார். லூமிருக்கு மறுக்கத் தெரியவில்லை. ஒரு நாற்காலியின் மேலிருந்த செய்தித்தாள்களை எடுத்துத் தரையில் வைத்தார்.

வந்த பையன் எஸ்ரா பெல்ட்ரான். வயது பதினெட்டு, அரிசோனாவில் யூமா என்ற பாலைவன ஊர், குவார்ட்டர்பேக். லூமிர் பன்றி இறைச்சியை அடுப்பில் வாட்டி, புளித்த முட்டைக்கோஸும் மாவுருண்டையும் செய்து வைத்திருந்தார்.

"இது என்ன மிஸ்டர் வாவ்ரா, ரொட்டியா?"

"ரொட்டிதான். ஆனா தண்ணில வெந்தது."

எஸ்ரா ஆறு உருண்டை சாப்பிட்டான். அடுத்த வாரம் தன் அம்மா அனுப்பிய மிளகாய்ச் சாஸ் பாட்டிலோடு வந்து உருண்டைகளின் மேல் ஊற்றினான். லூமிரும் ஒரு கரண்டி ஊற்றிச் சாப்பிட்டுக் கண்ணீர் வழிய உட்கார்ந்திருந்தார்.

"அழாதீங்க, பழகிடும்" என்றான் எஸ்ரா.

"அழல. என் நாக்கு செத்துப்போச்சு, அதுக்குத் துக்கம் கொண்டாடறேன்."

வீட்டுக்குள் அவர் சிரிக்கிற சத்தத்தை நாங்கள் அன்றுதான் முதல் தடவை கேட்டோம். சீக்கிரமே மிஸ்டர் வாவ்ரா வெறும் லூ ஆகிவிட்டார்.

சாப்பிட்டதும் எஸ்ரா மடிக்கணினியில் சனிக்கிழமை ஆட்டத்தைப் போடுவான். இரண்டாம் வருடம் ஒரு நாள் லூமிர் திரையில் விரலை வைத்து, "நம்ம முன்வரிசையில இந்த இடது ஓரத்து ஆளைப் பாரு. நீங்க எறியப்போறீங்கன்னா அவன் வலது காலைப் பின்னாடி வெக்கறான். ஓடப்போறீங்கன்னா வெக்கறதில்ல. ஒவ்வொரு தடவையும். எதிராளி பாத்தா கண்டுபிடிச்சிடுவான்" என்றார். எஸ்ரா பத்துத் தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தான். "லூ, எனக்கே தெரியலையே இது! எங்க கோச்சுக்கும் தெரியல!" மறுநாள் கோச்சிடம் போய்ச் சொன்னான். கால் திருத்தப்பட்டது. "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் சொன்னார்னு சொன்னேன்" என்று எஸ்ரா அடுத்த வாரம் சொன்னபோது லூமிர் எழுந்து போய் அடுப்பில் இல்லாத எதையோ கிளறினாராம். இதை எனக்குச் சொன்னவன் எஸ்ராதான்.

மூன்றாம் வருடம் எஸ்ரா முதல் குவார்ட்டர்பேக் ஆனான். முதல் மூன்று ஆட்டங்களில் வெற்றி. அதற்குப் பிறகு எங்கள் தாக்குதல் ஆட்டம் படுத்துவிட்டது. எஸ்ரா தூரமாக எறியவே இல்லை. ஐந்து கெஜம், ஆறு கெஜம், அவ்வளவுதான்.

டாரல் மேசையில் சர்க்கரைப் பொட்டலங்களை அடுக்கினார். "இது நம்ம முன்வரிசை. இது உன் தத்துப்புள்ள. இதோ, இந்த ஆளு வலது ஓரத்துல தனியா ஓடிட்டிருக்கான். பக்கத்துல ஈ, காக்கா இல்ல. நாப்பது கெஜம், எறிஞ்சா டச்டவுன். இவன் என்ன பண்றான்? பக்கத்துல நிக்கறவன் கையில பூ குடுக்கற மாதிரி குடுக்கறான்."

"பூவைக்கூட இன்னும் கொஞ்சம் தூரம் எறியலாம்" என்றார் வெண்டல்.

லூமிர் தொண்டையைச் செருமினார். "இடது ஓரத்துல நிக்கறவன் புதுசு. ரெண்டு செகண்டுக்கு மேல தாங்க மாட்டான். அதான் சீக்கிரமா எறியச் சொல்றாங்க."

"யோவ் லூமிர், அது போன மாசக் கதை. சனிக்கிழமை அந்தப் பையன் நல்லாத்தான் நின்னான். நீதான் முன்வரிசையை மட்டும் பாக்கறவனாச்சே, நீயே சொல்லு. நின்னானா, இல்லையா?"

நின்றான். முன்வரிசையைப் பற்றி லூமிருக்குப் பொய் சொல்ல வராது. அவர் காபியைக் குடித்தார்.

"ஷ்ரோடரை இறக்கணும்" என்றார் டாரல். ப்ரெக்கன் ஷ்ரோடர் மாற்றுக் குவார்ட்டர்பேக், முதல் வருடப் பையன். இருபது மைல் தள்ளி ஒரு பண்ணையில் வளர்ந்தவன், ஆறடி நாலு அங்குலம். "அந்தக் கை இருக்கே, களஞ்சியக் கதவுல பந்தை எறிஞ்சே பலகையைப் பேத்தவன். அவனை வெச்சு நாலு வருஷம் ஆளலாம்."

"அவங்க அப்பா உன்கிட்ட விதை வாங்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, இல்லையா டாரல்?" என்றார் ஜெனெல் கல்லாவிலிருந்து.

"கடவுள் சத்தியமா இல்ல. வாங்காட்டியும் சொல்லுவேன். கொஞ்சம் மெதுவா சொல்லுவேன்."

அந்த வார ஞாயிற்றுக்கிழமை எஸ்ரா மாவுருண்டைக் கிண்ணத்தை இடது கையால் இழுத்தான். கிண்ணம் கனமான பீங்கான். பாதி வழியில் வலது கையையும் நீட்டினான், முகம் வெளுத்துப்போய்க் கையை மடியில் போட்டுக்கொண்டான். லூமிர் பார்த்துவிட்டார்.

"எவ்வளவு நாளா?"

"மூணாவது ஆட்டத்துல தோள் மேலயே விழுந்தேன் லூ. அன்னிலேர்ந்து கை தோளுக்கு மேல போக மாட்டேங்குது."

"டாக்டர்கிட்ட காட்டு. இப்பவே."

"காட்டினா உட்கார வெச்சிடுவாங்க. நான் உட்கார்ந்தா ஷ்ரோடர் எழுந்திருப்பான். அப்புறம் அவனை யார் உட்கார வெப்பாங்க? நீங்களே சொல்லுங்க, உங்களுக்குத் தெரியாத ஆட்டமா? இன்னும் ஆறு ஆட்டம்தான். முடிஞ்சதும் காட்டிக்கறேன்."

"பெரிசா ஆயிடும்டா."

"ஆனா ஆகட்டும். யார்கிட்டயும் சொல்லாதீங்க. முக்கியமா அந்த காபி மேசையில."

"சொல்ல மாட்டேன்" என்றார் லூமிர். பிறகு கிண்ணத்தை எடுத்து அவரே அவன் தட்டில் போட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவர்தான் பரிமாறினார். டாக்டரைப் பற்றியும் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு தடவை கேட்டார். எஸ்ரா ஒவ்வொரு தடவையும் வேறு பேச்சுக்குப் போனான்.

இரண்டு திங்கட்கிழமைகள் அவர் வாயை மூடிக்கொண்டிருந்தார். மூன்றாவது, பதின்மூன்றுக்குப் பத்து என்று தோற்றுவிட்டு வந்த திங்கட்கிழமை. டாரல் உட்காரக்கூட இல்லை.

"கையில ஒரு கோளாறும் இல்ல. எல்லாம் இங்க" என்று தன் நெஞ்சைத் தட்டினார். "இங்க காலி. அடி விழும்னு பயம். நான் உடைஞ்ச முழங்காலோட ஒரு முழு ஆட்டம் ஆடினவன், எனக்குத் தெரியாதா? பயந்தாங்கொள்ளி. உன் வீட்டுச் சாப்பாட்டைத் தின்னு தின்னு மெத்துனு ஆயிட்டான்."

வெண்டல் சிரித்தார்.

"அவனால அந்தக் கையால ஒரு கிண்ணத்தைத் தூக்க முடியல" என்றார் லூமிர். "அஞ்சு வாரமா அதை வெச்சுத்தான் எறியறான். நெஞ்சு யாருக்குக் காலின்னு இப்ப சொல்லு டாரல்."

டாரல் மெதுவாக உட்கார்ந்தார்.

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

வெண்டல் தன் நாற்காலியை லூமிர் பக்கம் இழுத்தார். "எந்த ஆட்டத்துல? எப்படி விழுந்தான்?"

லூமிர் சொன்னார். எந்த ஆட்டம் என்று சொன்னார், எந்தப் பக்கம் விழுந்தான் என்று சொன்னார், இடது கையால் சாப்பிடுவதைச் சொன்னார், கோச்சுக்கே தெரியாது என்பதையும் சொன்னார். யாரும் நடுவில் வெட்டவில்லை. ஜெனெல் கல்லாவை விட்டு வந்து, கேட்காமலே அவர் கோப்பையை நிரப்பினார். "நான் வாயைக் கழுவணும்" என்றார் டாரல். "அந்தப் பையன் சிங்கம்யா." அந்த மேசையில் இத்தனை வருடத்தில் லூமிர் அவ்வளவு நேரம் பேசியது அன்று ஒரு நாள்தான். எடைமேடைக்கு நடந்து போகும்போது அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை அவரே பிற்பாடு என்னிடம் ஒத்துக்கொண்டார். மூன்றாவது லாரிக்குச் சீட்டுக் கிழிக்கும்போதுதான் எஸ்ராவிடம் "சொல்ல மாட்டேன்" என்று சொன்னது நினைவுக்கு வந்தது.

பத்து மணிக்குக் கிடங்கை விட்டுப் போய் டாரலைத் தேடிப் பிடித்தார்.

"டாரல், காலைல சொன்னது வெளிய போகக்கூடாது."

"என்னய்யா, என்னை என்னன்னு நெனச்சே? வாயே திறக்க மாட்டேன்."

வியாழக்கிழமை மத்தியானம் எங்கள் ஊர் வானொலியில் ரசிகர்கள் போன் செய்து பேசுகிற ஒரு மணி நேரம் உண்டு. லாரிக்காரர்கள், சலூன்காரர், கோச்சின் மனைவி, எல்லாரும் கேட்பார்கள். லூமிர் கண்ணாடி அறையில் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவர் எஸ்ராவைக் கண்டபடி திட்டினார். அடுத்த குரல் டாரலுடையது.

"இப்ப பேசினவர் மாதிரிதான் நானும் பேசிட்டிருந்தேன். வெக்கமா இருக்கு. அந்தப் பையன் தூக்க முடியாத தோளோட அஞ்சு வாரமா நமக்காக எறிஞ்சிட்டிருக்கான். ஒருத்தர்கிட்டயும் சொல்லல. எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காதீங்க, அவனுக்குச் சோறு போடறவரே சொன்னார். அவனைத் திட்டறவங்க முதல்ல என்னோட வந்து பேசுங்க." டாரல் உண்மையாகவே மன்னிப்புக் கேட்டார். அதில் துளி வஞ்சம் கிடையாது.

லூமிர் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மேடையில் நின்ற லாரி ஹாரன் அடித்தது.

அன்று மாலையே கோச் எஸ்ராவை அழைத்தார். வெள்ளிக்கிழமை தோளை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். தோளுக்குள் தசைநார் கிழிந்திருந்தது. சனிக்கிழமை ஷ்ரோடர் இறங்கினான். முதல் எறியே ஐம்பது கெஜம். மொத்தம் நான்கு டச்டவுன்கள், நாற்பத்தொன்றுக்குப் பதினான்கு என்று ஜெயித்தோம். ஸ்டேடியம் முழுவதும் எழுந்து நின்று கத்தியது. நானும் கத்தினேன். மேல் வரிசை ஓரத்தில் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை எஸ்ரா வந்தான். கையைக் கழுத்திலிருந்து துணியில் தொங்கவிட்டிருந்தான். உள்ளே போகவில்லை. படியில் நின்றே பேசினான், கதவு திறந்திருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

"நான் ஒருத்தர்கிட்டத்தான் சொன்னேன்."

"தெரியும்டா."

"அம்மாகிட்டகூடச் சொல்லல. உங்ககிட்டத்தான்."

"உன்னைப் பயந்தாங்கொள்ளின்னு சொன்னாங்க எஸ்ரா. உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருக்க முடியல."

"எனக்கும் காது இருக்கு. ஸ்டேடியத்துல அவங்க கத்தறது எனக்குக் கேக்காதா? சொல்லட்டும்னு நான் விட்டேன்ல? நீங்களும் விட்டிருக்கலாமே."

லூமிர் துணியில் தொங்கிய கையைப் பார்த்தார். "தோளுக்கு இது நல்லதுதான். இன்னும் விட்டிருந்தா…"

"ஆமா, நல்லதுதான். டாக்டரும் அதைத்தான் சொன்னார்." எஸ்ரா இடது கையால் தொப்பியைச் சரிசெய்தான். "ஆனா நீங்க அதுக்காகச் சொல்லல."

அவன் போன பிறகும் கதவு வெகுநேரம் திறந்தே கிடந்தது. அக்டோபர் முடிகிற சமயம், குளிர் உள்ளே போயிருக்கும்.

அதற்கடுத்த ஞாயிறுகளில் எஸ்ரா வரவில்லை. லூமிர் சமைப்பதை நிறுத்தவில்லை, அளவை மட்டும் குறைத்தார். அவர் வருத்தத்தைப் பற்றி அந்த மேசைக்குத் தெரியாது. இப்போது அங்கே அவருக்கு நடுவில் நாற்காலி. "சொல்லு லூமிர், உன் பையன் ஷ்ரோடரைப் பத்தி என்ன சொல்றான்? பந்தைச் சீக்கிரம் விடறானாமா? அடுத்த வருஷம் எப்படி?" என்று டாரல் கேட்பார். எல்லாரும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். "தெரியல" என்பார் லூமிர். ஏதோ பெரிய விஷயத்தை மறைக்கிறார் என்று நினைத்து வெண்டல் கண்ணடிப்பார்.

காயம்பட்டவனுக்கு மைதான ஓரத்தில் ஒரு வேலை கொடுப்பார்கள். அடுத்து என்ன ஆட்டம் என்பதைக் கையால் சைகை காட்டி உள்ளே இருப்பவனுக்குச் சொல்ல வேண்டும். கடைசி ஆட்டங்களில் எஸ்ரா அதைச் செய்தான். இடது கையால் தொப்பியைத் தொடுவான், காதைத் தொடுவான், தொடையைத் தட்டுவான். ஷ்ரோடர் அவனைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு நாற்பது கெஜம் எறிவான். லூமிர் அந்த ஆட்டங்களில் முன்வரிசையைப் பார்க்கவில்லை.

நவம்பரில் கடைசி உள்ளூர் ஆட்டம் முடிந்ததும் எப்போதும் போலத் தத்து வீட்டுக்காரர்கள் புல்தரைக்கு இறங்கித் தங்கள் பையன்களோடு படம் எடுத்துக்கொண்டார்கள். லூமிரும் இறங்கினார். எஸ்ரா தண்ணீர்ப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் தனியாக நின்றிருந்தான்.

"நல்லா காட்டினே சைகை."

"தேங்க்ஸ்."

"தோள் எப்படி இருக்கு?"

"கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போய் ஆபரேஷன். அம்மா பக்கத்துல இருந்தா நல்லதுன்னு அங்கேயே. அப்புறம் இங்க திரும்பி வரல மிஸ்டர் வாவ்ரா. யூமாவுலயே படிக்கப்போறேன்."

லூமிர் புல்லைப் பார்த்தார். சுற்றிலும் குடும்பங்கள் சிரித்துக்கொண்டு படம் எடுத்தன. ஒரு பெண்மணி போனைத் தூக்கிக் காட்டி, "உங்க ரெண்டு பேரையும் எடுக்கட்டுமா?" என்று கேட்டார். இருவரும் ஒரே நேரத்தில், "வேண்டாம்" என்றார்கள்.

"இதை நான் யார்கிட்டயும்…" என்று லூமிர் ஆரம்பித்தார்.

"சொல்லிக்கலாம்" என்றான் எஸ்ரா. கோபம் இல்லாமல்தான் சொன்னான். "கோச்சுக்குத் தெரியும், பசங்களுக்கும் தெரியும். இதுல ரகசியம் ஒண்ணும் இல்ல." இடது கையை நீட்டினான். லூமிரும் இடது கையால் அதைப் பிடித்தார். அவன் கையை இழுத்துக்கொண்டு உடை மாற்றும் அறைக்கு நடந்தான்.

திங்கட்கிழமை டாரல் நாற்காலியை இழுத்துப் போட்டார். "வா லூமிர். சீசன் முடிஞ்சுது. இனிமே தோள் சரியாயிட்டா எஸ்ராவும் இருப்பான், ஷ்ரோடரும் இருப்பான். ரெண்டு குவார்ட்டர்பேக்! அவனை ஓடவிட்டு இவனை எறியவிட்டா எவன் தடுப்பான்? உன் பையன் என்ன சொல்றான்?"

எல்லாரும் காத்திருந்தார்கள். லூமிர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் சொல்லல" என்றார்.

அந்த வாரக் கடைசியில் வானொலியில் செய்தி வந்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமை அவர் உள்ளே வந்ததும் டாரல் கேட்டார்.

"யோவ், எஸ்ரா யூமாவுக்கே போறானாமே. உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"கடைசி ஆட்டத்தன்னிக்கே சொல்லிட்டான்."

"அப்போ போன வாரம் நான் கேட்டேனே? இந்த மேசைல உட்கார்ந்துகிட்டு நான் ரெண்டு குவார்ட்டர்பேக்னு கனவு கண்டுட்டிருக்கேன், நீ பாத்துக்கிட்டே இருந்திருக்கே! இதுல என்னய்யா இருக்கு மறைக்கறதுக்கு?"

"மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல" என்றார் லூமிர்.

டாரல் வெண்டல் பக்கம் திரும்பி, அடுத்த வருடம் ஷ்ரோடருக்கு முன்னால் நிற்கப்போகிற ஐந்து பேர் யார் யார் என்று கேட்டார்.